ஃபிட்டு என்று சொன்னவர்களின் வலி

தனக்கு இல்லாத ஓர் உறுப்பில் தாராவுக்கு வலி வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை, டீக்காரப் பையன் வருவதற்குச் சற்று முன்பு. அன்று தங்கவயல் ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டில் தக்காளி விலை இறங்கியிருந்தது, மாரிக்குப்பம் ரயில் வழக்கம்போல் தாமதம், மற்றபடி ஊரில் சொல்லும்படியாக எதுவும் இல்லை. அவள் வேலை பார்த்த நர்சிங் ஹோமின் டாக்டர் டென்சில் அவளைப் படுக்கவைத்து, கேட்க வேண்டியதைக் கேட்டு, அழுத்த வேண்டிய இடத்தில் அழுத்திப் பார்த்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். புரோஸ்டேட் ஆபரேஷன் முடிந்த ஆணுக்கு வருகிற வலி அது என்பதில் அவருக்குச் சந்தேகம் இல்லை. அதை ஒரு பெண்ணிடம் எந்த முகத்தோடு சொல்வது என்பதில்தான் சந்தேகம். கடைசியில் வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்லி, இரண்டு நாளைக்குக் காரம் வேண்டாம் என்றார்.

தாரா அந்த நர்சிங் ஹோமில் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. அதற்கு முன்பு பல வருடம் கோரமண்டல் ஸ்டேஷனில் விடிவதற்குள் ரயிலேறி, பெங்களூரில் ஒரு இன்டர்நெட் கம்பெனியின் கால் சென்டரில் உட்கார்ந்து, ஊரில் உலகத்தில் உள்ளவர்களிடமெல்லாம் மோடத்தை ஒருமுறை அணைத்துப் போடுங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். வரலாற்றில் எம்.ஏ. படித்தவள். எந்தச் சாம்ராஜ்யத்தையும் யாரும் அணைத்துப் போட்டுச் சரிசெய்ததாகத் தான் படிக்கவில்லை என்று தன்னைத்தானே கேலி செய்துகொள்வாள். தங்கவயலில் பாதிப் பேர் இப்படி ரயிலில்தான் குடியிருக்கிறார்கள். வீடு என்பது துணி மாற்றிக்கொள்ளும் இடம். அவளைப் பெண் பார்க்க வந்தவர்கள்கூட இரண்டு முறை பங்காருப்பேட்டை பிளாட்பாரத்தில்தான் பார்த்தார்கள், இரண்டு முறையும் பேச்சு முடிவதற்குள் ரயில் வந்துவிட்டது. எனவே டாக்டர் டென்சில் பெங்களூரில் ஏதோ மாநாட்டுக்குப் போய், நல்ல சாப்பாடு சாப்பிட்டு, டிஸ்சார்ஜ் ஆன நோயாளிகளைப் போனில் கூப்பிட்டு விசாரித்தால் அவர்கள் மறுபடி படுக்கையில் விழுவது குறையும் என்று கேட்டுக்கொண்டு வந்து, அதற்கு ஒரு ஆள் தேடியபோது, தாரா மறுபேச்சுப் பேசாமல் சேர்ந்துவிட்டாள். மாடிப்படிக்குக் கீழே, படுக்கை விரிப்புகளை அடுக்கி வைக்கும் சின்ன அறையை ஒழித்து, ஒரு மேஜை போட்டு, டாக்டருடைய அப்பா காலத்து வெள்ளைப் போனை அதன்மேல் வைத்தார்கள். வலி இருக்கிறதா, ஒன்றிலிருந்து பத்துக்குள் எவ்வளவு, காய்ச்சல் உண்டா, புண் ஆறுகிறதா, மாத்திரை ஒழுங்காகப் போகிறதா. இவ்வளவுதான் வேலை, மோடம்கூடக் கிடையாது.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவள் கூப்பிட்டது மைசூர் மைன்ஸ் குடியிருப்பு முனியப்பனை. சுரங்கத்தில் பல காலம் லோடராக இருந்தவர், முந்தின வாரம்தான் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குப் போனவர். வலி இருக்கிறதா என்று தாரா கேட்டாள். "ஃபிட்டா கீறேம்மா," என்றார். ஒன்றிலிருந்து பத்துக்குள் எவ்வளவு என்று சொன்னால் எழுதிக்கொள்வேன் என்றாள். அவருக்கு அது சுரங்கத்தின் ஆழக் கணக்காகப் பட்டது. "பத்தாவது லெவல்லாம் கொழந்தைங்க போற எடம்மா. நான் நூறாவது லெவல் வரைக்கும் எறங்குனவன். ஃபிட்டுன்னு போட்டுக்க," என்று சொல்லிப் போனை வைத்தார். ஃபிட்டு என்ற சொல் காதில் விழுந்ததும் தாராவின் இடுப்புக்குக் கீழே எதுவோ கொக்கி போட்டு இழுத்தது. அதே நேரத்தில் மைசூர் மைன்ஸில் முனியப்பன் கட்டிலிலிருந்து எழுந்து, ஒரு முனகல்கூட இல்லாமல் பாத்ரூம் போய்வந்து, வலி போயே போய்விட்டது, டெண்டர் விடாமலே வேலை முடிந்துவிட்டது என்று பெண்டாட்டியிடம் சொன்னார்.

முனியப்பன் பொய் சொன்னார் என்று சொல்வது சரியல்ல. அந்த ஊரில் ஆண்களுக்கு அந்த ஒரு பதில்தான் தெரியும். கம்பெனி காலத்தில் பூமிக்குள் இறங்குகிறவர்களுக்கு மெடிக்கல் வைப்பார்கள். மூச்சு வாங்குகிறது, முதுகு பிடிக்கிறது என்று வாய் தவறிச் சொன்னால் டாக்டர் அன்ஃபிட் என்று எழுதிவிடுவார். அதன் பிறகு ஆளைச் சுரங்கத்துக்குள் இறக்கும் இரும்புக் கூண்டான கேஜில் ஏறி இறங்க முடியாது, மேலே நின்று கூட்டிப் பெருக்கலாம், போகிறவர் வருகிறவர் எல்லாரும் இன்னாச்சு என்று கேட்பார்கள். எனவே மெடிக்கலுக்கு முந்தின நாளிலிருந்து பீடியை விட்டு, ஸ்டெதஸ்கோப் நெஞ்சில் படும்போது இருமலைத் தொண்டையிலேயே மடித்து வைத்துக்கொண்டு, விறைப்பாக நின்று, ஃபிட்டு சார் என்பார்கள். அப்பன் மகனுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தானோ இல்லையோ, இதைக் கற்றுக்கொடுத்தான். சுரங்கத்தை மூடி, கேஜ் துருப்பிடித்து, குழிகளில் தண்ணீர் ஏறி எத்தனையோ காலமாகிவிட்டது. சொல் மட்டும் வேலையில் இருந்தது. தங்கவயல்காரனைப் பாடையில் ஏற்றிய பிறகு கேட்டாலும் ஃபிட்டு என்பான், கொஞ்சம் காலை நீட்டிக்கொள்ள இடம் இருந்தால் போதும் என்பான் என்று அந்த ஊர்க்காரர்களே சொல்லிச் சிரித்துக்கொள்வார்கள்.

பெண்கள் விஷயம் வேறு. சுரங்கக் குடியிருப்பான பாலகாட்டிலிருந்து கர்ப்பப்பை ஆபரேஷனுக்கு வந்துபோன தங்கம்மாவைத் தாரா கூப்பிட்டபோது, தங்கம்மா முதல் பிரசவத்திலிருந்து ஆரம்பித்தார். முழங்கால், குதிகால், நெஞ்செரிச்சல், மருமகள் என்று வரிசையாக வந்து, ஆபரேஷன் புண்ணை அடைவதற்குள் தாராவின் காது சிவந்துவிட்டது. ஆனால் காது தவிர அவளுக்கு வேறெங்கும் வலிக்கவில்லை. உள்ளதை உள்ளபடி சொன்னவர்களின் வலி அவர்களிடமே இருந்தது, ஃபிட்டு என்றவர்களின் வலி போன் வழியாக வந்து இறங்கியது. ஒரு மாதத்துக்குள் தாராவுக்கு இது பிடிபட்டுவிட்டது. அதற்குள் அவள் மூன்று மூல நோய், ஒரு கண்புரை, ஒரு சிறுநீரகக் கல் ஆகியவற்றைத் தாங்கி முடித்திருந்தாள். கல் வந்த அன்று தரையில் உருண்டாள். மூலத்துக்கு டாக்டர் டென்சில் ரப்பர் வளையம் போட்ட தலையணை ஒன்றைத் தன் கையாலேயே ஊதிக் கொடுத்தார். பெங்களூரில் இருந்தபோது வாடிக்கையாளரின் இடத்தில் தன்னை வைத்துப் பார்க்க வேண்டும் என்று வருடத்துக்கு ஒருமுறை வகுப்பு எடுப்பார்கள். அந்த வகுப்பில் தூங்கியதற்குத்தான் இந்தத் தண்டனை என்று தாரா அந்த வளையத்தின்மேல் உட்கார்ந்தபடி நினைத்துக்கொண்டாள்.

வலி ஒவ்வொன்றும் அவளோடு ஒரு பகல் இருக்கும். சாயங்காலம் அவளோடு டவுன் பஸ் ஏறும், கோரமண்டல் ஸ்டாப்பில் அவளோடு இறங்கும், வீட்டுக்கு மட்டும் வராது. புது இடம் என்று கூச்சமோ என்னவோ, ஸ்டாப்பிலேயே நின்றுவிடும். சொன்னவரிடமும் திரும்பிப் போகாது. நாளடைவில் அந்த ஸ்டாப்பில் இருந்த விளக்குக் கம்பம் கூன்போட ஆரம்பித்தது. முதலில் லாரி இடித்தது என்றார்கள். நகரசபை ஆட்கள் வந்து நிமிர்த்திவிட்டுப் போனார்கள். அந்த வாரம் தாரா இரண்டு முதுகுத் தண்டு கேஸ்களைக் கூப்பிட வேண்டியிருந்தது, கம்பம் முன்பைவிட ஆழமாகக் குனிந்து, கையை இடுப்பில் வைக்காத குறையாக நின்றது. மழைக்காலத்தில் அதற்கு மூட்டு வேறு பிடித்துக்கொண்டது, விளக்கு எரிய நேரமாகும்.

சேதி ஊரில் பரவியபோது தங்கவயல்காரர்கள் வெட்கப்பட்டிருக்கலாம். ஒரு பெண் பிள்ளை நம் வலியைச் சுமக்கிறாளே என்று இரண்டு பேராவது சொல்லியிருக்கலாம். அவர்கள் செய்தது என்னவென்றால், போன் எப்போது வரும் என்று கேட்டு நர்சிங் ஹோம் வாசலில் நின்றார்கள். ஆபரேஷன் செய்துகொள்ளாதவர்கள்கூட ஒரு நாள் படுக்க இடம் கிடைக்குமா என்றார்கள். பல் வலிக்காரர் ஒருவர், தான் டிஸ்சார்ஜ் ஆனதாக எழுதிக்கொள்ளச் சொல்லி ஒரு தார் வாழைப்பழம் கொண்டுவந்தார். பூமிக்குள்ளிருந்து தங்கத்தை எடுத்து யார் யாருக்கோ கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நின்ற ஊர் அது. ஒரு வாட்டியாவது எதையாவது அடுத்தவர் தலையில் கட்டும் வாய்ப்பு வந்தபோது விட்டுவிட அவர்களுக்கு மனம் வரவில்லை. அவர்களைக் குறை சொல்லத் தாராவுக்கும் வாய் வரவில்லை, அவளும் அந்த ஊர்க்காரிதான். தன் வலியை வாங்கிக்கொள்ள ஒரு நம்பர் இருந்தால் தானே முதல் ஆளாகப் போட்டிருப்பாள். ஊரையெல்லாம் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கிறவளை யாரும் அப்படிக் கேட்டதில்லை என்பது வேறு விஷயம்.

இந்தக் குஷியை முடித்துவைத்தவர் வேலு. குடலிறக்க ஆபரேஷன் முடிந்து போனவர், ஃபிட்டு என்று கணீரென்று சொன்னார், வலி தாராவிடம் வந்தது. வலி போன சந்தோஷத்தில் அவர் நிரம்பிய கேஸ் சிலிண்டர் ஒன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு மாடியேறினார். தையல் பிரிந்தது அவருக்குத் தெரியவே இல்லை. சட்டையில் ரத்தத்தைப் பார்த்துவிட்டு, யாரோ பான் துப்பிவிட்டார்கள் என்று எதிர்வீட்டுக்காரரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தவரைத்தான் ஆட்டோவில் தூக்கிவந்தார்கள். பிழைத்தார். டாக்டர் டென்சில் அன்று தாராவைக் கூப்பிட்டு, வலி என்பது உடம்பு வைத்த வாட்ச்மேன், அவனை அனுப்பிவிட்டால் திருடன் வந்தது வீட்டுக்காரனுக்குத் தெரியாது என்றார். அதிலிருந்து, தாராவுக்கு வலி கடுமையாக வந்தால் உடனே அந்த நோயாளி வீட்டுக்கு ஆம்புலன்ஸ் போயிற்று. "உன்ன மாதிரி ஸ்கேன் மெஷின் பெங்களூர்லயே இல்லம்மா," என்று டாக்டர் மெச்சிக்கொண்டார். மெஷினுக்கு வருடாந்தர சர்வீஸ் உண்டா என்று தாரா கேட்டாள், அவர் அடுத்த கேஸ் ஷீட்டை எடுத்துவிட்டார்.

இப்படியிருக்கும்போது தாராவின் அப்பா நெடுஞ்செழியனுக்குப் பித்தப்பையில் கல் வந்து, அதே நர்சிங் ஹோமில் ஆபரேஷன் நடந்தது. அவர் சுரங்கத்தில் மெஷின் பிடித்துப் பாறை துளைத்தவர், சுரங்கம் மூடிய பிறகு பெங்களூரில் வாட்ச்மேன், இப்போது வீட்டில். ஃபிட்டு என்ற சொல்லுக்கு ஊரில் ஒரு சிலை வைத்தால் முகம் அவருடையதாக இருக்கும். விலா எலும்பு முறிந்த அன்று ஷிப்ட் முடித்து, சைக்கிள் மிதித்து வீட்டுக்கு வந்து, உப்பு குறைகிறது என்று சாப்பாட்டைக் குறை சொல்லிவிட்டுப் படுத்தவர். அவர்கள் வீட்டுச் சுவரில் புத்தரும் அம்பேத்கரும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தார்கள். அவருடைய அப்பா காலத்திலேயே பௌத்தத்துக்கு வந்த குடும்பம். உலகில் துக்கம் உண்டு என்பதையே முதல் பாடமாகச் சொல்லும் வழியில், பௌர்ணமி தவறாமல் விஹாரைக்குப் போய்க்கொண்டு, எனக்கு மட்டும் அது இல்லை என்று ஒருவர் அறுபத்தைந்து வயதுவரை சாதித்துவந்தார். தாராவின் அம்மா பழனியம்மா இதைப் பற்றிப் புத்தரிடமே ஒருமுறை புகார் சொல்லியிருக்கிறாள், அவர் புன்னகைத்ததோடு சரி.

டிஸ்சார்ஜ் ஆகிப் போன நாளிலிருந்து நெடுஞ்செழியன் சரியாகச் சாப்பிடவில்லை. உட்கார்ந்தபடி தூங்கினார். வலது பக்கம் திரும்பும்போது பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிய பிறகு தொடர்ந்தார். வீட்டில் நேருக்கு நேர் கேட்டால் ஃபிட்டு என்றார், ஆனால் வீட்டில் சொல்லும் ஃபிட்டுக்கு எந்தப் பலனும் இல்லை. மாடிப்படிக்குக் கீழே இருந்த அந்த வெள்ளைப் போனில் சொன்னால்தான் வலி வரும். தாரா டாக்டர் டென்சிலையே வீட்டுக்கு அழைத்துவந்தாள். டாக்டர் வருகிறார் என்று தெரிந்ததும் நெடுஞ்செழியன் காய்ச்சல் மாத்திரை ஒன்றை விழுங்கி, தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, இஸ்திரி போட்ட சட்டையில் விறைப்பாக நின்றார். வயிற்றை அழுத்தியபோது முகத்தில் ஒரு கோடு அசையவில்லை. கம்பெனி டாக்டர்களையே வருடக் கணக்கில் ஏமாற்றியவருக்கு இது ஒரு பொருட்டா. "ஃபிட்டா கீற ஆளுக்கு இன்னாத்துக்கு சார் ஸ்கேனு? நீங்க காபி சாப்பிடுங்க," என்றார். டாக்டர் காபி சாப்பிட்டுவிட்டு, வெளியே வந்து, உங்க அப்பா ஒண்ணு ரொம்ப நல்லா இருக்காரு, இல்ல ரொம்ப மோசமா இருக்காரு, எனக்குச் சொல்லத் தெரியல என்றார்.

இனி போன்தான் வழி என்று தாரா முடிவு செய்தாள். அப்பா ஃபிட்டு என்று ஒரு முறை போனில் சொன்னால் போதும், வலி தன்னிடம் வந்துவிடும், அது எப்படிப்பட்ட வலி, எங்கே என்று டாக்டர் கண்டுபிடித்துவிடுவார். ஆனால் நெடுஞ்செழியனும் டீக்கடைக்குப் போகிறவர்தான். ஃபிட்டு என்றால் மகளுக்கு வலிக்கும் என்பது அவருக்குத் தெரியும். வலிக்கிறது என்று சொல்லவோ அவர் வாயில் அந்தச் சொல்லே கிடையாது. எனவே தாரா கூப்பிட்டபோதெல்லாம் அவர் இரண்டையும் சொல்லாமல் மற்ற எல்லாவற்றையும் சொன்னார். தக்காளி விலை, ரயில் தாமதம், சுரங்கக் கழிவைக் கொட்டிய சைனைடு மேட்டிலிருந்து இன்று புழுதி எந்தப் பக்கம் வீசுகிறது, ஸ்டாப்பில் இருக்கும் கம்பத்துக்கு நகரசபை ஒரு ஊன்றுகோலாவது கொடுக்கலாம். வலி எப்படி நைனா என்றால், லைன் சரியில்லை என்று வைத்துவிடுவார். பிறகு எடுப்பதையே நிறுத்தினார். செல்போனை அரிசி டின்னுக்குள் போட்டு மூடிவைத்திருந்ததைப் பழனியம்மா சோறு வடிக்கப் போனபோதுதான் கண்டுபிடித்தாள். அதில் மகள் கூப்பிட்டது வரிசையாக இருந்தது, அரிசி கொஞ்சம் சூடாகவும் இருந்தது.

தாராவுக்கு அப்போதுதான் உண்மையில் பயம் வந்தது. யார் யாருடைய மூலத்தையோ கல்லையோ வாங்கிச் சுமந்தவளுக்கு, பெற்ற அப்பாவின் வலி எட்டாத உயரத்தில் இருந்தது. ஒரு சொல்லைச் சொல்ல முடியாமல் மனிதர் செத்துப்போவார், போகும்போதும் சட்டைக்கு இஸ்திரி போட்டிருப்பார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அன்று காலை வேலைக்குக் கிளம்பும்போது அவர் கண்ணின் வெள்ளை மஞ்சளாக இருந்தது. வெயில் அப்படி அடிக்குது என்றார். படிக்கட்டு அறையில் உட்கார்ந்து, வேறு யாரையும் கூப்பிடாமல், பழனியம்மாவின் நம்பரைப் போட்டாள். போனை அவர் காதில் வைத்துப் பிடித்துக்கொள், விடாதே என்று அம்மாவிடம் சொன்னாள். பழனியம்மா அப்படியே பிடித்தாள். முரண்டு பிடிக்கும் மாட்டுக்கு மருந்து ஊற்றிப் பழகிய கை அது.

"நைனா, நான் தாரா பேசறேன்."

"தெரியுதும்மா. இன்னிக்கு ரயிலு சீக்கிரமே வந்துட்சாம்."

"ரயில் கெடக்கட்டும். ஃபிட்டுன்னு சொல்லிடுங்க நைனா."

 போன் வழியாகப் பக்கத்து வீட்டு டிவியின் கன்னடச் சமையல் நிகழ்ச்சி கேட்டது. தாரா ரப்பர் வளையத்தில் நன்றாக உட்கார்ந்து, மேஜையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, போனைத் தோளில் இடுக்கி, கண்ணை மூடினாள்.

"சொல்லுங்க நைனா. எவ்ளோ பேருது வாங்கிக்கினேன். உங்களுது ஒண்ணு எனக்குப் பெருசா? நான் தாங்கிப்பேன்."

"நீ தாங்குவம்மா," என்றார் நெடுஞ்செழியன். "நான் தாங்க மாட்டேன்."

 பிறகு, பல வருடமாகத் திறக்காத பெட்டியைத் திறப்பவர்போல், சொல்லை இடம் மாற்றி இடம் மாற்றிப் பார்த்துவிட்டு, மெதுவாகச் சொன்னார்.

"வலிக்குதும்மா."

பழனியம்மா அதைக் கேட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள், ஆனால் போனை விடவில்லை. தாரா கண்ணைத் திறக்காமல் காத்திருந்தாள். விலாவில் எதுவும் வரவில்லை. வயிற்றில் வரவில்லை. கை காலெல்லாம் தேடிப் பார்த்தாள், அப்பாவின் வலி ஒரு துளிகூட அவளிடம் வரவில்லை, அவ்வளவையும் அவர் தன்னிடமே வைத்துக்கொண்டு சொல்லியிருந்தார். அந்த அறையில் உட்கார்ந்த நாளிலிருந்து எதுவும் வலிக்காமல் அவள் அழுதது அன்றுதான். அழுதுகொண்டே, பழக்கதோஷத்தில், ஒன்றிலிருந்து பத்துக்குள் எவ்வளவு நைனா என்று கேட்டாள்.

"பத்தாவது லெவலத் தாண்டி எறங்கிகினே கீதும்மா. கேஜு நிக்கவே இல்ல."

ஆம்புலன்ஸ் போய்ச் சேர்ந்தபோது அவர் வாசலில் நிற்கவில்லை, படுத்திருந்தார், சட்டை கசங்கியிருந்தது. உள்ளே பித்தநீர் கசிந்து சீழ் கட்டியிருந்தது. டாக்டர் டென்சில் அன்று மத்தியானமே வயிற்றைத் திறந்து, கழுவி, குழாய் வைத்து மூடிவிட்டு வெளியே வந்து, நாளைக்கு என்றால் நான் பூ வாங்கிக்கொண்டுதான் வந்திருப்பேன் என்றார். நெடுஞ்செழியன் பத்து நாள்போலப் படுத்திருந்தார். நர்ஸ் வந்து எப்படி இருக்கீங்க என்று கேட்கும்போதெல்லாம் வலிக்குது என்று சொல்லிப் பார்த்தார். புதுச் செருப்பைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள்ளேயே நடந்து பார்ப்பவர்போல இருந்தது அவர் சொன்ன விதம்.

நெடுஞ்செழியன் வலிக்கிறது என்று சொன்னாராம் என்ற சேதி டீக்கடைக்குப் போனபோது முதலில் யாரும் நம்பவில்லை. பிறகு அவரே வந்து, வடையைத் தொடாமல், எண்ணெய் ஆகாது, வலிக்கும் என்றார்.  அதற்குப் பிறகு தங்கவயல் ஆண்களுக்கு வாய் திறந்துகொண்டது. திறந்தது மூடவில்லை. கம்பெனி காலத்தில் ஐந்தாம் லெவலில் கால் பிசகியது முதல், கல்யாணத்தன்று செருப்புக் கடித்தது வரை, சொல்லாமல் விட்ட அத்தனையையும் தாராவின் காதில் வரிசையாகக் கொட்டினார்கள். தங்கம்மா இவர்களோடு ஒப்பிடும்போது தந்தி அடித்தவர். மூல நோயே பரவாயில்லை, அது ஒரு பகலில் இறங்கிப் போய்விடும், இவர்கள் இறங்க மாட்டேன் என்கிறார்களே என்று தாரா தலையில் கைவைத்துக்கொண்டாள். முனியப்பன் மட்டும் கேட்டுக்கொண்டு பேசுவார். "இன்னிக்கு உனக்கு வேல ஜாஸ்தியாம்மா? அப்போ வலிக்குதுன்னே வெச்சிக்க, ஃபிட்டுல்லாம் நாளைக்குப் பாத்துக்கலாம்," என்பார். கோரமண்டல் ஸ்டாப்பில் கம்பத்தை நகரசபை மூன்றாவது முறை நிமிர்த்த வரவில்லை. கூன்கம்பம் இறங்கு என்று கண்டக்டர்கள் சொல்லிப் பழகிவிட்டார்கள், பஸ் போர்டிலும் அப்படியே எழுதிவிட்டார்கள்.

நெடுஞ்செழியனுக்குச் செவ்வாய்க்கிழமை போன் வரும். அன்றைக்குக் குளித்து, இஸ்திரி சட்டை போட்டு, நாற்காலியை வாசலுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு காத்திருப்பார். முழங்கால் வலியையும் தோள்பட்டை வலியையும் தழும்பு அரிப்பையும் ஒவ்வொன்றாகச் சொல்வார், மகள் எழுதிக்கொள்வாள். குழாய் எடுத்துத் தையல் ஆறிய பிறகு வந்த ஒரு செவ்வாய்க்கிழமை, எல்லாம் சொல்லி முடித்து, வேறு ஏதாவது விட்டுப்போயிற்றா என்று யோசித்துவிட்டு, இதுவரை அந்தப் போனில் யாரும் கேட்காத ஒன்றைக் கேட்டார்.

"ஒனக்கு எங்கனா வலிக்குதாம்மா?"

தாராவுக்கு அடுத்த ஆளைக் கூப்பிடும் அவசரம். "எனக்கென்ன நைனா, ஃபிட்டாதான் கீறேன்," என்று சொல்லிவிட்டாள்.

கோரமண்டலில் நெடுஞ்செழியன் சட்டென்று வலது பக்கக் கழுத்தைப் பிடித்துக்கொண்டார். காதுக்குக் கீழே தொடங்கி, தோள்வரை, மாதக் கணக்காகப் போனை இடுக்கி இடுக்கி இறுகிப்போன நரம்பு ஒன்று இழுத்தது. கொஞ்ச நேரம் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பிறகு பழனியம்மாவைக் கூப்பிட்டு, அந்தத் தைலத்தக் கொண்டா, பொண்ணுக்குக் கழுத்து வலி என்று சொல்லி, தன் கழுத்தைச் சாய்த்துக் காட்டினார். பழனியம்மா ஒன்றும் கேட்காமல் தேய்த்துவிட்டாள்.